விடுமுறையில் விளைந்த ஆராய்ச்சி

1916ஆம் ஆண்டிலே சென்னையிற் பொருளியல் பயின்ற கல்லூரி மாணவர் சிலர் விடுமுறைக்குத் தத்தம் ஊர் திரும்பியபோது, பாடநூல்களோடு ஒரு வினாப்பட்டியலையும் உடன்கொண்டு சென்றனர். ஊரின் குடித்தொகை எவ்வளவு, நிலம் எத்தனை பேர் கையில் உள்ளது, கூலி நெல்லாகக் கொடுக்கப்படுகின்றதா காசாகக் கொடுக்கப்படுகின்றதா, கடன் எவரிடம் எவ்வட்டிக்குப் பெறப்படுகின்றது என்றவாறு அப்பட்டியல் அமைந்திருந்தது. அதனை அவர்கட்குக் கொடுத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது இந்தியப் பொருளியற் பேராசிரியராகிய கில்பேட் ஸ்லேற்றர். விடுமுறை முடிந்து மாணவர் கொண்டுவந்த குறிப்புகள் 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தன. பரீட்சையில் இதற்கொரு வினாத்தாள் இருந்ததில்லை, புள்ளியும் வழங்கப்பட்டதில்லை.

பட்டம் பெறுதற்கு முன்னரே ஆராய்ச்சி செய்த மாணவரின் வரலாற்றை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அவ்வாராய்ச்சிகளுட் பெரும்பாலானவை விடுமுறையிலோ, இரவிலோ, பாடவேளைக்குப் புறம்பான வேறு பொழுதிலோ நிகழ்ந்தன. இது தற்செயலன்று. ஆங்கிலேயர் ஆட்சியுட்பட்ட நாடுகளிற் பல்கலைக்கழகம் என்பது முதலிற் கற்பிக்கும் நிலையமாக அன்றிப் பரீட்சிக்கும் நிலையமாகவே தோன்றியது. 1836இல் நிறுவப்பட்ட இலண்டன் பல்கலைக்கழகம் பரீட்சை நடாத்திப் பட்டம் வழங்கும் மன்றமாக விளங்கிற்று. அதனை முன்மாதிரியாகக் கொண்டே 1857இற் சென்னைப் பல்கலைக்கழகமும் எழுந்தது. அதன் முதற் பட்டதாரிகள் எனப் போற்றப்படும் கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் யாழ்ப்பாணத்தவர் என்பதை இந்நாட்டவர் நன்கறிவர். தாமோதரம்பிள்ளை ஏடுகளை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அரும்பணி அவர் பட்டம் பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே செய்யப்பட்டது. அவர் எழுதிய பரீட்சை, அறியப்பட்டதை அவர் அறிந்துள்ளாரா எனக் கேட்டதேயன்றி அறியப்படாததைத் தேடும்படி பணித்ததில்லை. இலங்கையிலும் 1921இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியபோது அதன் மாணவர் இலண்டன் பட்டப் பரீட்சைக்கே தோற்றினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும்வரை அந்நிலை தொடர்ந்தது. கடல் கடந்து வந்த வினாத்தாளுக்கு விடையெழுதலாம். கடல் கடந்து ஆய்வுகூடம் வருவதில்லை.

ஜேர்மனியின் வழி வேறாயிருந்தது. 1824இற் கீசன் நகரில் இருபத்தொரு வயதிற் பேராசிரியப் பதவியேற்ற லீபிக் என்னும் இரசாயன அறிஞர், மாணவர் தம் கையாலேயே பகுப்பாய்வு செய்து பழகும் கூடமொன்றை அமைத்தார். தேர்ச்சி பெற்றவனுக்கு விடை தெரியாத வினாவொன்றைக் கொடுப்பது அவர் வழக்கம். அவர் மாணாக்கருள் ஒருவராகிய ஹொஃப்மன், 1845இல் இலண்டனில் அமைந்த அரச இரசாயனக் கல்லூரிக்குத் தலைவராக வந்து அம்முறையை அங்கு நாட்டினார். ஹொஃப்மனின் மாணவருள் வில்லியம் பேர்கின் என்பவர் இளையவர். மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைச் செயற்கையாகச் செய்ய இயலுமா என்பது ஹொஃப்மன் எழுப்பிய வினா. 1856ஆம் ஆண்டு உயிர்த்தஞாயிறு விடுமுறைக்கு ஆசிரியர் ஜேர்மனி சென்றிருந்த சமயம், பதினெட்டு வயதினரான பேர்கின் கிழக்கு இலண்டனில் தம் வீட்டிலமைத்த சிறு கூடத்தில் இவ்வினாவை ஆராய்ந்தார். கொயினா கிடைக்கவில்லை, செங்கபில நிறப் படிவொன்றே கிடைத்தது. அதனை எறிந்துவிடாது, அதனினும் எளிய அனிலீனைக் கொண்டு மீண்டும் செய்து பார்த்தார். இம்முறை கிடைத்த கரிய பொருளை அற்ககோலிற் கரைத்தபோது ஊதா நிறம் பொலிந்தது. அதுவே வணிகத்திற் பெரிதும் பரவிய முதலாவது செயற்கைச் சாயமாயிற்று. அவ்வாண்டு ஓகத்து மாதத்திலேயே காப்புரிமை பெறப்பட்டது. பேர்கினைப் பற்றி எழுதுவோர் பலர் இதனை அதிட்டம் என்று கூறி அமைவர். வேண்டாத விளைவை மீண்டும் செய்துபார்க்கத் தூண்டிய பயிற்சி கீசனிலிருந்து வந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பேர்லினில் மருத்துவம் பயின்ற போல் லங்கர்ஹான்ஸ் 1869இல் எழுதிய பட்ட ஆய்வேட்டின் கதை வேறொரு வகையிற் படிப்பினை தருவது. சதையி என்னும் உறுப்பை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த அம்மாணவர், அதன் இழையங்களிடையே தீவுகள் போற் சிதறிக்கிடக்கும் சிறு கலத்தொகுதிகளைக் கண்டு விவரித்தார். அவற்றின் தொழில் யாதெனத் தமக்குத் தெரியாது என்பதையும் ஒளியாது எழுதிவைத்தார். தெரியாததைத் தெரியாதது என்று எழுதும் துணிவு பரீட்சை மண்டபத்திற் பழகுவதன்று. அங்கே வெறுமையாக விடப்பட்ட விடைக்குப் புள்ளியில்லை. லங்கர்ஹான்ஸ் 1888இல் நாற்பது வயதில் மறைந்தார். அத்தீவுகளுக்கு அவர் பெயர் இடப்பட்டது 1893இல். அவர் விட்டுச்சென்ற வினாவுக்கு விடை நெருங்கியதும் ஒரு விடுமுறைக் காலத்திலேயே. 1921ஆம் ஆண்டுக் கோடையிற் ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மக்லியொட், பான்ரிங் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியருக்கு ஓர் ஆய்வுகூடத்தையும் துணைக்கு மாணவர் இருவரையும் கொடுத்தார். இருவருள் எவர் முதலிற் பணி செய்வது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தனர். அதில் முந்தியவர் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த சாள்ஸ் பெஸ்ற். 1922 தை மாதத்தில் நீரிழிவுற்ற பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. அடுத்த ஆண்டு நோபெற் பரிசு பான்ரிங்குக்கும் மக்லியொட்டுக்கும் அளிக்கப்பட்டது. மாணவருக்கு அதில் இடமில்லை. பான்ரிங் தம் பங்கிற் பாதியைப் பெஸ்றுக்குக் கொடுத்தார் என்பது அவர் நேர்மைக்குச் சான்று.

மாணவர் ஆராய்ச்சியுள் மிக அழகியது எது என வினவின், நியூயோர்க்கிற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1911இல் ஓர் இரவில் நிகழ்ந்ததைக் காட்டலாம். அங்கு உயிரியற் பேராசிரியரான மோகன், பால் போத்தல்களில் வாழைப்பழம் இட்டுப் பழ ஈக்களை வளர்த்துப் பரம்பரையியல்பை ஆராய்ந்து வந்தார். எட்டு மேசைகள் கொண்ட சிற்றறையொன்றே அவ்வாய்வுக்குரிய இடம். அங்கு பட்டம் பெறாத மாணவருக்கும் மேசை கொடுக்கப்பட்டது. கல்வின் பிரிட்ஜஸ் என்பவர் போத்தல் கழுவுவதற்கு அமர்த்தப்பட்ட மாணவர். கழுவவேண்டிய போத்தலினுள்ளே வேறுபட்ட கண்ணிறமுடைய ஈயொன்றைக் கண்டு சொன்னமையால் ஆய்வாளர் வரிசையிற் சேர்ந்தார். அல்பிரட் ஸ்ரேட்டிவன்ட் அலபாமா மாநிலத்துப் பண்ணையொன்றில் வளர்ந்தவர். தந்தையார் வளர்த்த குதிரைகளின் வமிசாவளியைக் கொண்டு நிறப் பரம்பரையை ஆராய்ந்து கட்டுரை எழுதி, அதன்மூலம் மோகனின் கவனத்தைப் பெற்றவர்.

ஒரே நிறமூர்த்தத்தில் உள்ள பரம்பரையலகுகள் பெரும்பாலும் சேர்ந்தே சந்ததிக்குச் செல்கின்றன; சிலபோது பிரிகின்றன. சில சோடிகள் அடிக்கடி பிரிகின்றன, சில அரிதாகவே பிரிகின்றன. இதனை மோகன் அறிந்திருந்தார். அவரோடு உரையாடிக்கொண்டிருந்தபோது ஸ்ரேட்டிவன்டுக்கு ஒன்று புலப்பட்டது. பிரிவு மிகுதியாயின் இடைத்தூரம் மிகுதி, பிரிவு குறைவாயின் இடைத்தூரம் குறைவு என்று கொண்டால், பிரிவின் அளவே தூரத்தின் அளவாகும் அன்றோ? ஒரே தெருவிலுள்ள மூன்று வீடுகளுள் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள தூரமும், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரமும் கூடி, முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரமாதல் வேண்டும். அவ்வாறே கணக்கு இசையுமாயின் பரம்பரையலகுகள் ஒரு கோட்டில் நிரலாக அமைந்துள்ளன என்பது பெறப்படும். அவர் அன்றிரவே தரவுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மறுநாட் பாடங்களைக் கைவிட்டு, இரவின் பெரும்பகுதியும் விழித்திருந்து கணித்தார். விடிந்தபோது உலகின் முதலாவது நிறமூர்த்தப் படம் அவர் கையில் இருந்தது. கட்டுரை 1913இல் வெளிவந்தது. ஆசிரியரின் பெயர் அதில் ஆசிரியர்ப் பெயராக இல்லை. மாணவர் பெயர் மட்டுமே உண்டு. 1933இல் நோபெற் பரிசு பெற்ற மோகன், அப்பணத்தைத் தம் பிள்ளைகளோடு பிரிட்ஜஸ், ஸ்ரேட்டிவன்ட் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் பகிர்ந்தளித்தார்.

இத்தகைய அறையொன்று சென்னையில் அக்காலத்தில் இருந்ததில்லை. எனினும் அங்கும் இருவர் எழுந்தனர். மாநிலக் கல்லூரியிற் பயின்ற ச. வெ. இராமன், அரியமொன்றின் கோணத்தைத் திருசியமானியால் அளக்கும் வழக்கமான பயிற்சியைச் செய்துகொண்டிருந்தபோது, சாய்வாக விழும் ஒளி தோற்றுவித்த பட்டைகள் இருபுறமும் ஒத்திராமையைக் கண்டார். அளக்கச் சொன்னது கோணத்தை. அவர் கண் சென்றது பட்டைகளின்மேல். அதனைத் தனியே ஆராய்ந்து எழுதிய கட்டுரையைப் பேராசிரியர் யோன்ஸிடம் கொடுத்தார். மாதங்கள் சில கழிந்தும் பேராசிரியர் மறுமொழி கூறாமையால், தாமே இலண்டனிலிருந்து வெளிவந்த சஞ்சிகையொன்றிற்கு அனுப்பினார். 1906 நவம்பர் இதழில் அது வெளிவந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. யோன்ஸைக் குறைகூறுதல் எளிது. ஆயினும், திறமையுள்ள மாணவனை வகுப்புக்கு வரும்படியும் வற்புறுத்தாது கருவிகளோடு தனித்திருக்க விட்டவர் அவரே என்பதையும் நினைத்தல் வேண்டும். பட்டம் பெற்ற இராமனுக்கு ஆராய்ச்சித் தொழில் எதுவும் கிடைக்கவில்லை. 1907இற் கல்கத்தாவில் நிதித்திணைக்கள உத்தியோகத்திற் சேர்ந்து, மாலையும் இரவும் அங்குள்ள அறிவியற் சங்கத்தில் ஆய்வை மேற்கொண்டார்.

அவர் தமையனாரின் மைந்தர் சந்திரசேகர் அதே கல்லூரியில் மாணவராயிருந்தபோது, 1928இற் சென்னைக்கு வந்த ஜேர்மானியப் பௌதிக அறிஞர் சொமர்வெல்ட்டை அவர் தங்கியிருந்த விடுதியிற் சென்று கண்டார். அவரெழுதிய நூலைத் தாம் முற்றக் கற்றிருப்பதாகக் கூறியபோது, அந்நூல் எழுதப்பட்ட பின்னர்ப் பௌதிகவியலே மாறிவிட்டது என்ற விடை கிடைத்தது. மாணவர் மனமுடைந்திருத்தல் கூடும். ஆனால் வந்த விருந்தினர், தாம் எழுதி அச்சிலிருந்த புதிய கட்டுரையின் படியையும் அவரிடம் கொடுத்தார். அதனைக் கற்ற சந்திரசேகர் எழுதிய கட்டுரை, கேம்பிரிட்ஜிலிருந்த பவுளரின் வாயிலாக 1929இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு மேற்படிப்புக்குக் கப்பலேறியபோது, கடற்பயணத்திலேயே விண்மீன்களின் இறுதிநிலை பற்றிய கணிப்பைத் தொடங்கினார். அக்கணிப்பின் பெருமை உலகறிந்தது. 1983இல் நோபெற் பரிசும் கிடைத்தது.

சமூக விஞ்ஞானங்களில் இவ்வகை ஆராய்ச்சி அரிதென்று கருதுவோர் உளர். இலண்டன் பொருளியற் கல்லூரியின் வணிகவியல் மாணவரான ரொனால்ட் கோஸ், பயணப் புலமைப்பரிசிலொன்றைக் கொண்டு 1931, 1932ஆம் ஆண்டுகளில் அமெரிக்கத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். சந்தை எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யுமாயின் நிறுவனம் என ஒன்று எதற்கு என்பது அவர் எழுப்பிய வினா. விடை 1937இற் கட்டுரையாயிற்று. 1991இல் எண்பது வயதில் அவர் நோபெற் பரிசு பெற்றபோது பாராட்டப்பட்டவற்றுள் அவ்விளமைக்கால ஆய்வும் ஒன்று.

விடுமுறைக்குரியதாயிருந்த இப்பணி பாடத்திட்டத்தினுள் நுழைந்தது அண்மைக் காலத்திலேயே. மாணவன் வந்து சேர்ந்த நாள் முதலே உண்மையான ஆராய்ச்சி வினாவொன்று அவனுக்குக் கொடுக்கப்படல் வேண்டும் என எட்வின் லாண்ட் என்பவர் 1957இல் மசாசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தில் உரை நிகழ்த்தினார். பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு நீங்கிப் புதுப்பொருள் கண்ட அவர் வாயால் அது வந்தமை பொருத்தமே. அக்கழகத்தில் 1969இல் மார்கரெட் மக்விக்கர் என்னும் பௌதிகவியலாளர் பட்டமாணவர் ஆராய்ச்சித் திட்டமொன்றைத் தொடக்கினார். இயற்கை விஞ்ஞானம், எந்திரவியல் ஆகியவற்றோடு சமூக விஞ்ஞானங்களும் அத்தகைய திட்டங்களுள் அடங்கின. பிற பல்கலைக்கழகங்களும் அதனைப் பின்பற்றின. இலங்கையிலும் சிறப்புப் பட்டத்தின் இறுதியாண்டில் ஆய்வுக்கட்டுரை எழுதுதல் வழக்கமாயிற்று. இதனால் வாய்ப்பு பலருக்குப் பரவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் புள்ளியும் உடன் நுழைந்தது. முந்திய ஆண்டு மாணவர் எழுதியதன் தலைப்பில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எழுதப்படும் கட்டுரைகளை, அவற்றைத் திருத்துவோர் நன்கறிவர். வெளிவாரியாகப் பட்டம் பெறுவோர் பலருக்கோ இன்றும் வினாத்தாளே பல்கலைக்கழகம்.

இந்நிலையிலேதான் ஸ்லேற்றரின் மாணவர் செய்தது மீண்டும் நோக்கத்தக்கதாகின்றது. அவர்களிடம் ஆய்வுகூடம் இல்லை, கருவி இல்லை, பணமும் இல்லை. இருந்தது ஊர் மட்டுமே.

ஸ்லேற்றர் இங்கிலாந்திற் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு உழவர் நிலமிழந்த வரலாற்றை ஆராய்ந்து நூலெழுதியவர். தொழிலாளருக்கெனத் தோன்றிய ஒக்ஸ்போட் ரஸ்கின் கல்லூரியின் அதிபராயிருந்துவிட்டு 1915இற் சென்னைக்கு வந்தார். அங்கு வகுப்பிற் கற்பிக்கப்பட்ட பொருளியல் மேலைநாட்டு ஆலைகளையும் வங்கிகளையும் பற்றியது. எதிரே இருந்தவரோ ஏரிப்பாசனத்தையும் வாரத்தையும் பண்ணையாளையும் கண்டு வளர்ந்தவர். தமக்குத் தெரியாத ஒன்று தம் மாணவருக்குத் தெரியும் என்பதை உணர்ந்த பேராசிரியர் பலரல்லர். இராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான், தஞ்சாவூர்ப் பாலக்குறிச்சி, வட ஆற்காட்டுத் தூசி, தென் ஆற்காட்டு இருவேல்பட்டு முதலிய ஊர்கள் இவ்வாறு ஏடேறின. தமிழர் பலர் ஸ்லேற்றரை அறிவது 1924இல் அவர் வெளியிட்ட திராவிடப் பண்பாடு பற்றிய நூலாலேயாம். அந்நூலின் கருத்துக்களுட் பல இன்று ஏற்கப்படுவதில்லை. மாணவர் தொகுத்த நூலோ இன்றும் பயன்படுகின்றது.

வரிவிதிக்கும் அதிகாரி ஊருள் வந்து நிலத்தையும் கடனையும் பற்றிக் கேட்பின் ஊரார் விடை சுருங்கும். ஊர்ப்பிள்ளை கேட்பின் திண்ணையில் இருத்திப் பேசுவர். மாணவர் தரவின் பலம் இதுவே. அதன் குறையும் இதனுள்ளேயே உள்ளது. 1916இற் கல்லூரிவரை வந்த பிள்ளைகள் பெரும்பாலும் நிலமுடைய உயர்குடிகளைச் சேர்ந்தவர். அவர்க்குத் திண்ணை திறந்திருந்தது. சேரியிலிருப்போர் அவரிடம் எவ்வளவு மனந்திறந்து பேசியிருப்பர்? கடன்பட்டுப் பரம்பரையாய்ப் பண்ணையில் உழைத்த படியாளின் கூலியை மாணவர் மரக்காற் கணக்கில் எழுதினர். அக்கூலியை அளந்தவர் வீட்டிலிருந்தே அக்கணக்குக் கிடைத்திருத்தல் கூடும். இதனை மனத்திற்கொண்டே அந்நூலைப் படித்தல் வேண்டும். எனினும் எழுதப்பட்ட கணக்கைப் பின்வருவோர் திருத்தலாம். எழுதப்படாததைத் திருத்துவார் இல்லை.

பின்வந்தோர் அதனையே செய்தனர். பொருளாதார மந்தத்தால் நெல்விலை வீழ்ந்திருந்த முப்பதுகளிற் பி. யே. தோமஸும் கே. சி. இராமகிருட்டிணனும் அக்கிராமங்களை 1936–37இல் மீண்டும் ஆராய்ந்து 1940இல் நூல் வெளியிட்டனர். 1961இல் மார்கரெட் ஹஸ்வெல் என்னும் ஆங்கில ஆய்வாளர் அவற்றுட் சிலவற்றுக்குச் சென்றார். எண்பதுகளிற் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன் முதலியோர் சென்றனர். இருவேல்பட்டு 2008இலும் ஆராயப்பட்டு, அதன் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. நிலவுடைமையிற் சமனின்மை நீங்காதபோதும் பெருநிலக்காரரின் பிடி தளர்ந்தமையும், கூலியாட்கள் வேளாண்மைக்கு வெளியே வேலை தேடிக்கொண்டமையும், சேரி மக்கள் முன்னிருந்த அடிமைக்கட்டிலிருந்து விடுபட்டமையும் அவ்வாய்விற் பேசப்படுகின்றன. தென்னிந்தியாவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இவ்வாறு தொடர்ந்து நோக்கப்பட்ட ஊர்கள் மிகச் சிலவே. உலகப் புகழ்பெற்ற பொருளியலாளர் எழுதும் கட்டுரைகளில் இன்றும் அவ்வூர்கள் பேராசிரியரின் பெயராலேயே ‘ஸ்லேற்றர் கிராமங்கள்’ என வழங்குகின்றன. ஒப்பீட்டு அட்டவணைகளின் முதல் நிரலில் 1916 என்ற ஆண்டு நிற்கின்றது; அதன் கீழுள்ள எண்கள் விடுமுறைக்கு வீடு சென்ற மாணவர் திண்ணையிலிருந்து எழுதியவை.